பிரித்துப் படிக்க ஒரு கார்

நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 காரின் இன்ஜின் கொள்ளளவு 2568 சிசி. அதே குடும்பத்தைச் சேர்ந்த மற்ற பல இன்ஜின்கள் 2 லிட்டர், 2.5 லிட்டர், 3 லிட்டர் என்று ஒழுங்காக வரிசையில் நிற்க, இது மட்டும் ஏன் 2.6-க்குச் சற்று முன்னால் வந்து நின்றது? விடை பந்தய விதிகளில் இருக்கிறது. அந்தக் காலத்துக் குரூப் ஏ பந்தயங்களில், டர்போ பொருத்திய இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி, வரும் எண்ணைக் கொண்டே கார் எந்த வகுப்பில் ஓட வேண்டும் என்று முடிவுசெய்வார்கள். 2568-ஐ 1.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4366. அது 4500 சிசி வகுப்புக்குள் அடங்கிவிடுகிறது. காரின் குறைந்தபட்ச எடையும் டயரின் அகலமும் அந்த வகுப்பைப் பொறுத்தவை. முதலில் 2.4 லிட்டர் இன்ஜினைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுப்பதென்று முடிவானதும் எடை கூடியது. கூடிய எடைக்கு ஈடாக இன்ஜினும் வளர்ந்தது. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 73.7 மில்லிமீட்டர். அந்தப் புள்ளி ஏழுக்குப் பின்னால் ஒரு பொறியாளர் குழுவின் முழுக் கணக்கும் நிற்கிறது.

இந்தக் கார் என் மனத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். இதன் எந்தப் பாகத்தைத் தொட்டாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு விடை தட்டுப்படுகிறது. 1989-ல் விற்பனைக்கு வந்த கார், இன்று 35 வயதைத் தாண்டிவிட்டது. ரப்பர் இறுகுகிறது, ஒயர்களின் உறை நொறுங்குகிறது, தகட்டில் துரு ஏறுகிறது. இப்படி வயதேறிய வேகக் கார்களை வாங்கி, பிரித்து, சரிசெய்து, மீண்டும் ஓடவைப்பதையே வாழ்வின் பெரிய மகிழ்ச்சியாகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெட்ரோல் கார்களின் காலமே முடிவை நெருங்கும்போது அவர்களுடைய பட்டறைகளில் நிற்கும் இந்தக் கார்களுக்கு என்ன எதிர்காலம் என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. என் எண்ணம் இது: செய்தவரின் சிந்தனையைப் பழுதுபார்ப்பவர் படித்துவிட முடிகிற கார் நெடுநாள் வாழும். ஆர்32 அப்படிப் படிக்கக் கிடைக்கும் கார். அதன் நயங்களைப் பார்த்துக்கொண்டே போனால் எதிர்காலம் பற்றிய விடையும் கூடவே கிடைத்துவிடும்.

ஜிடி-ஆர் என்ற பெயர் 1969-ல் பிறந்தது. இரண்டாம் தலைமுறை 1973-ல் 197 கார்களோடு நின்றுபோனது. பிறகு 16 ஆண்டு மௌனம். 1980-களில் நிசான் '901' என்றொரு முயற்சியைத் தொடங்கியது. 1990-க்குள் காரை ஓட்டும் சுவையிலும் பிடிமானத்திலும் உலகின் முதலிடத்தைப் பிடிப்பது அதன் குறிக்கோள். நாகனோரி இட்டோ தலைமைப் பொறியாளராக இருந்து உருவாக்கிய ஆர்32 அந்த முயற்சியின் முதன்மையான விளைவுகளில் ஒன்று. ஜப்பானின் தேசிய டூரிங் கார் பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை நடந்த 29 போட்டிகளில் 29-லும் வென்றது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991-லும் 1992-லும் வென்றது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயரைச் சூட்டியது ஆஸ்திரேலியாவின் 'வீல்ஸ்' இதழ். வெற்றிகளின் பட்டியலை இதோடு விட்டுவிடலாம். அவற்றுக்குக் காரணமான பாகங்கள்தான் நின்று பார்க்க வேண்டியவை.

விற்பனைக்கு வந்த காரின் திறன் 280 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. அதைத் தாண்டுவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. ஆனால் அதே இன்ஜின் பந்தயத் தடத்தில் 550-க்கும் மேல் கொடுத்தது. வார்ப்பிரும்பில் வார்த்த கனத்த இன்ஜின் பிளாக், ஏழு இடங்களில் தாங்கப்பட்ட கிராங்க், பிஸ்டன்களின் அடிவயிற்றில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கும் துளைகள் எல்லாமே அந்தப் பெரிய திறனை மனத்தில் வைத்து அமைந்தவை. சாலைக்கு வந்தபோது பந்தய உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் அடக்கினார்கள். அடக்கிய விதமும் எளியது. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர் குழாய்க்குள் துளை சிறுத்த ஒரு சின்னத் துண்டு. அதை எடுத்துவிட்டால் அழுத்தம் கூடும், திறன் கூடும். இன்ஜினின் உள்ளே எவ்வளவு இடம் விட்டுவைத்தோம் என்று செய்தவர்கள் அந்தச் சின்னத் துண்டின் வழியே சொல்லிவைத்தது போலத்தான் எனக்குத் தோன்றும். இப்படிப் பிரித்துச் சேர்க்கும் ப்ராஜெக்ட் கார் ஒன்றுக்கு வேண்டிய முதல் தகுதி இந்த மீதி வலிமை. அது இல்லாத காரில் கைவைத்தால் எல்லாம் உடையும். இருக்கிற காரில் ஒரு தலைமுறை முழுவதும் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்து மூச்சுக்குழல். பெரும்பாலான கார்களில் உள்ளே போகும் காற்றை அடைக்கவும் திறக்கவும் ஒரே ஒரு த்ராட்டில் வால்வு இருக்கும். இங்கே ஆறு சிலிண்டருக்கு ஆறு த்ராட்டில்கள், இரண்டிரண்டாக மூன்று கூடுகளில். ஏரியில் ஒரே மதகை வைத்துவிட்டு நீர் வாய்க்கால் வழியாக வயலுக்கு வரும்வரை காத்திருப்பது ஒரு முறை. ஒவ்வொரு வயலின் வரப்பிலும் ஒரு மடை வைத்து நீரை அங்கேயே தேக்கி வைத்திருப்பது இன்னொரு முறை. ஆர்32-ன் முறை இரண்டாவது. கால் மிதியை அழுத்திய கணத்தில் காற்று சிலிண்டரின் வாசலிலேயே நிற்கிறது. டர்போ இன்ஜின்களுக்கே உரிய தயக்கத்தைக் குறைக்க எங்கெல்லாம் ஒரு நொடியின் சிறு பங்கை மிச்சப்படுத்தலாம் என்று தேடியவர்களின் முடிவு இது. செலவும் அதிகம், சரிசெய்யும் வேலையும் அதிகம். ஆறு தகடுகளும் ஒரே கோணத்தில் திறக்க வேண்டும். பல ஆண்டு ஓட்டத்தில் தண்டுகளும் இணைப்புகளும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. பிரித்துச் சேர்ப்பவர் ஒவ்வொன்றின் உறிஞ்சும் அழுத்தத்தையும் அளந்து ஆறையும் இசைவுக்குக் கொண்டுவர வேண்டும். இசைவு கூடியதும் ஐடிலில் இன்ஜின் நடுக்கமின்றி நிற்பதைக் காதே சொல்லிவிடும்.

டர்போக்கள் இரண்டு. முன் மூன்று சிலிண்டர்களின் புகை ஒன்றைச் சுழற்றும், பின் மூன்றின் புகை மற்றொன்றை. ஒரே பெரிய டர்போவைவிடச் சிறிய இரண்டு விரைவில் வேகம் பிடிக்கும். அது போதாதென்று சுழலும் சக்கரத்தைச் செராமிக்கில் செய்தார்கள். உலோகத்தைவிட மிக இலகுவானது, ஆகவே இன்னும் சீக்கிரம் சுழலும். ஆறு த்ராட்டில்களுக்குப் பின்னால் இருந்த அதே ஆசைதான் இங்கேயும். ஆனால் செராமிக்குக்கு ஒரு பலவீனம் உண்டு. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளவுக்கு மீறி ஏற்றினால் சக்கரம் தண்டிலிருந்து பிரிந்துவிடும். நிசானுக்கு இது தெரிந்தே இருந்தது. பந்தயத் தகுதிக்காக 1990-ல் நிசானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் பெயரில் செய்த 560 கார்களில் உலோகச் சக்கரங்களைத்தான் வைத்தார்கள். மேலே சொன்ன சின்னத் துண்டை எடுப்பவர் இதையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். துண்டை எடுத்தால் கிடைக்கும் அழுத்தம் செராமிக் தாங்கும் எல்லைக்கு வெகு அருகில் போய் நிற்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் டர்போவை மாற்றியாக வேண்டும். ஒரு பாகத்தில் செய்யும் மாற்றம் இன்னொரு பாகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நல்ல மெக்கானிக்கை இந்தக் கார் உருவாக்குவது இப்படித்தான்.

காரைத் தூக்கி அடியில் பார்த்தால் இன்னொரு நயம். இன்ஜின் நெடுக்குவாட்டில் இருக்கிறது. முன் சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும், பானெட்டும் உயரக் கூடாது. ஆகவே முன் டிஃபரென்ஷியலை எண்ணெய்த் தொட்டியின், அதாவது சம்ப்பின், பக்கத்திலேயே பொருத்தி, மறுபக்கச் சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சம்ப்பின் ஊடாகவே கொண்டுபோனார்கள். இன்ஜினின் எண்ணெய்க்கு நடுவே ஒரு குழல், அந்தக் குழலுக்குள் சுழலும் தண்டு. அலுமினியத்தில் வார்த்த அந்தச் சம்ப்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்ப்பவர் யாரும் சற்று நேரம் பேசாமல் நிற்பார். இடமில்லாத இடத்தில் இடம் கண்டுபிடித்தவர்களின் பொறுமை அதில் தெரியும்.

விசையைப் பகிரும் அமைப்புக்கு அட்டெசா ஈ-டிஎஸ் என்று பெயர். இயல்பான ஓட்டத்தில் விசை முழுவதும் பின் சக்கரங்களுக்கே போகும். பின் டயர்கள் பிடிமானம் இழந்து சுழலத் தொடங்கினால் சென்சார்கள் அதைக் கணினிக்குச் சொல்லும். கணினி எண்ணெய் அழுத்தத்தால் பல தகட்டுக் கிளட்ச் ஒன்றை இறுக்கும். தேவைக்கேற்பப் பாதி விசை வரை முன்னே போகும். பின்னால் தள்ளும் காரின் துள்ளலும் நான்கு சக்கரக் காரின் உறுதியும் ஒரே வண்டியில் கூடின. இதைவிட எனக்குப் பிடித்தது டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் ஒரு சிறு மானி. இன்ஜின் எண்ணெயின் வெப்பத்துக்கும் பேட்டரி வோல்ட்டுக்கும் பக்கத்தில், முன் சக்கரங்களுக்கு எவ்வளவு முறுக்குவிசை போகிறது என்று ஒரு முள் காட்டும். வளைவின் முடிவில் அழுத்தி மிதிக்கும்போது முள் எழும், கார் நேரானதும் விழும். கணினி எடுக்கும் முடிவை ஓட்டுநரிடமிருந்து மறைக்காமல் அவர் கண்முன் வைத்தார்கள். தொழில்நுட்பத்தின் மேல் இருந்த பெருமையும் ஓட்டுபவர் மேல் இருந்த மரியாதையும் அந்த ஒரு முள்ளில் சேர்ந்திருக்கின்றன. பத்தாண்டு கழித்து வந்த ஆர்34-ல் இதே தகவல்கள் ஒரு திரைக்குள் போயின. அந்தத் திரைகள் இன்று மங்கிக்கொண்டிருக்கின்றன. ஆர்32-ன் முள்ளைக் கடிகாரம் பழுதுபார்ப்பவர்கூட உயிர்ப்பித்துவிடுவார்.

குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றிலும் நயம் உண்டு. தொடக்க ஆண்டுகளின் ஆர்32-ல் கிராங்க் தண்டின் முனை ஆயில் பம்ப்பைப் பிடித்துச் சுழற்றும் பரப்பு மிகவும் குறுகல். அதிவேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் பம்ப்பின் உள்பல் உடைந்து, எண்ணெய் நின்று, இன்ஜினே போய்விடும். பிற்காலத்துக் கிராங்குகளில் நிசான் அந்தப் பரப்பை அகலமாக்கியது. பழைய கிராங்க் வைத்திருப்பவர்கள் லேத்தில் கடைந்து ஒரு வளையத்தைச் செருகி அதே அகலத்தைக் கொண்டுவருகிறார்கள். இன்னொன்று: அதிவேகத்தில் சிலிண்டர் ஹெட்டுக்கு எண்ணெய் தேவைக்கு மேல் ஏறிவிடும், இறங்கத் தாமதமாகும். ஏறும் வழியைக் குறுக்கி, இறங்கும் வழியைப் பெருக்கிச் சரிசெய்கிறார்கள். மறைபொருள் எதுவும் இல்லை. பிழை இருக்கும் இடமும் தெரியும், காரணமும் தெரியும், தீர்வும் ஒரு நல்ல லேத்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்த ஆர்வலர்கள் உடைந்த பம்ப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு இது. ஒரு காரின் பிழைகள் இவ்வளவு தெளிவாகப் படிக்கப்பட்டிருப்பதே அதன் ஆயுளுக்கு ஒரு காப்பு.

இந்தக் காரின் பிறந்த நேரமும் ஒரு கொடை என்பேன். கணினி இல்லாத கார்பரேட்டர் காலத்தைத் தாண்டிவிட்டது. எல்லாக் கணினிகளும் ஒன்றோடொன்று பின்னி, ஒரு பெட்டியை மாற்றினால் மற்றவை அதை ஏற்க மறுக்கும் காலத்துக்கு இன்னும் வரவில்லை. இன்ஜினுக்கு ஒரு பெட்டி, நான்கு சக்கர விசைக்கு ஒன்று, பின் சக்கரங்களைச் சற்றுத் திருப்பும் ஹைகாஸ் அமைப்புக்கு ஒன்று என்று பிரித்தறிய முடிகிறது. முப்பது ஆண்டில் இவற்றின் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் கசிகின்றன, காற்றை அளக்கும் மீட்டர்களின் பற்றவைப்புகள் விரிசல் விடுகின்றன. திறந்து, பழைய மின்தேக்கியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைக்கலாம். இன்ஜின் கணினியின் நிரலையும் ஆர்வலர்கள் எப்போதோ வாசித்துத் தெளிந்துவிட்டார்கள். ஹைகாஸ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் பூட்டிவிடுகிறார்கள், கார் அதற்காக ஓட மறுப்பதில்லை. இன்றைய வேகக் கார்கள் முப்பது ஆண்டு கழித்து இப்படித் திறந்து பேசுமா என்று நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவற்றின் சிந்தனை நிரல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது.

நிறுவனங்களும் தங்கள் பழைய கார்கள் பக்கம் திரும்பிப் பார்க்கின்றன என்பது நல்ல செய்தி. 2017 இறுதியில் நிசான் 'நிஸ்மோ ஹெரிடேஜ்' என்ற பெயரில் ஆர்32-க்கான நின்றுபோன பாகங்களை மீண்டும் செய்து விற்கத் தொடங்கியது. குழாய்கள், ஒயரிங் ஹார்னஸ், முத்திரைகள் என்று தொடங்கிப் பிறகு இன்ஜின் பிளாக்கும் சிலிண்டர் ஹெட்டும் வரை வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது உடல் தகடு செய்யும் புதுமுறை. கார் தகட்டை அச்சில் அழுத்தித்தான் செய்வார்கள். அந்த அச்சு விலை மிகுந்தது, ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். பழைய காருக்குச் சில நூறு தகடுகள் போதும். இதற்காக 2019-ல் நிசான் அறிவித்த முறையில், நிறுத்திவைத்த தகட்டின் இரு பக்கமும் ஒரு ரோபோ நிற்கும். வைரப் பூச்சுப் பூசிய முனைகளால் இரண்டும் எதிரெதிரே தகட்டைத் தடவித் தடவி அழுத்தி, சிறுகச் சிறுக உருவத்தை எழுப்பும். அச்சே வேண்டியதில்லை. ஆர்32-ன் பின்புறத் தகட்டை இந்த முறையில் செய்து கொடுத்தார்கள். தகடடிக்கும் கைவினைஞர் சுத்தியும் தாங்குகட்டையும் பிடித்துச் செய்த அதே அசைவை இயந்திரம் கற்றுக்கொண்டிருக்கிறது. பத்துக் கார் போதும், பாகம் கிடைக்கும் என்ற நிலை வந்தால் பழைய கார்களின் ஆயுள் பல மடங்கு நீளும்.

ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் காரை அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படுத்தாமல் இறக்குமதி செய்யலாம். 2014-ல் ஆர்32 அந்த வயதைத் தொட்டது. ஜப்பானிலிருந்து கார்கள் கப்பலேறின, விலையும் ஏறியது. விலை ஏறினால் காப்பாற்றுபவர்கள் கூடுவார்கள் என்பது உண்மை. துருப்பிடித்த உடலுக்கும் செலவுசெய்ய மனம் வருகிறது. ஆனால் முதலீடாக வாங்கிப் பூட்டிவைக்கும் கைகளுக்குப் போன கார் மெக்கானிக்கை வளர்ப்பதில்லை. ஓடாத இன்ஜினில் சீல் காய்ந்துபோகும். பிரிக்கப்படாத காரின் அறிவும் அப்படியே காய்ந்துபோகும். பந்தய வம்சத்தில் வந்த ஒரு கார் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கும் இளைஞனின் கைக்கு எட்டாமல் போவது எனக்கு உண்மையான வருத்தம்.

2025 ஜனவரியில் ஜப்பானில் நிசான் ஒரு காரைக் காட்டியது: மின்சாரத்தில் ஓடும் ஆர்32. இன்ஜினை எடுத்துவிட்டு முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார். 1430 கிலோ எடையிருந்த கார் பேட்டரியோடு 1797 கிலோவாகியது. கூடிய எடைக்கு ஏற்பத் திறனையும் முறுக்குவிசையையும் கூட்டி, பழைய காரின் உந்தலையே தர முயன்றார்கள். கியர் மாற்றும் அதிர்வையும் இன்ஜின் ஒலியையும் உருவாக்கிக் கொடுத்தார்கள். ஆர்32 ஓட்டும் அனுபவத்தை இனி வரும் தலைமுறைக்கும் காட்ட வேண்டும் என்ற பாசத்தில் பிறந்த வேலை அது, அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். பெட்ரோல் கிடைக்காத ஒரு காலம் வந்தால் அந்தப் பாதை உதவும். ஆனாலும் அந்தக் கார் பாதுகாப்பது ஓட்டுபவரின் அனுபவத்தை மட்டுமே. ஆறு த்ராட்டில்களை இசைவிக்கும் காது, சம்ப்பைத் தூக்கிப் பார்க்கும் கண், குறுகிய கிராங்க் முனையைக் கண்டுபிடித்த விரல் ஆகியவற்றுக்கு அதில் வேலை இல்லை. பட்டறையில் பிறக்கும் அனுபவத்தைப் பாதுகாக்க மூல இன்ஜின்களும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே இப்படியொரு காரைக் கையிலெடுக்கும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது மூன்று. எதை மாற்றினாலும் கழற்றிய மூலப் பாகத்தைப் பெயரெழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து வருபவர் மூலத்துக்குத் திரும்ப நினைக்கலாம். அளந்த அளவுகளையும் கண்ட பிழைகளையும் எழுதிவையுங்கள். ஆயில் பம்ப்பின் தீர்வு எல்லோர் கைக்கும் வந்தது யாரோ எழுதிவைத்ததால்தான். கார் ஓடட்டும், கூடவே ஓர் இளையவர் கையில் ஸ்பேனரைக் கொடுங்கள். வயதேறிய வேகக் கார்களில் எது இன்னும் ஐம்பது ஆண்டு வாழும் என்பதை அதன் வேகமோ விலையோ முடிவுசெய்யாது. அதைப் பிரித்துப் பார்க்கிற இளைஞனுக்கு 'இது ஏன் இப்படி' என்ற கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்விக்குக் கார் தன்னிடமே ஒரு விடையை வைத்திருக்க வேண்டும். ஆர்32-ல் 73.7 மில்லிமீட்டர் ஓட்டத்திலிருந்து டாஷ்போர்டின் சிறு முள்வரை அந்த விடைகள் இருக்கின்றன. அதனால்தான் இந்தக் கார் மேல் எனக்கு அச்சத்தைவிட நம்பிக்கை அதிகம்.